பொரி வைத்த ஓவன்

வியாழக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கீழிருந்து குரல் வந்தது. வீட்டுக்கார அக்கா எப்போதும் மாடிப்படியின் முதல் படியில் நின்றுதான் கூப்பிடுவார். மேலே ஏறி வரமாட்டார். கல்யாணமாகாத இரண்டு பேர் குடியிருக்கும் வீடு எந்தக் கோலத்தில் இருக்குமோ என்று அவருக்கே ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

"தம்பி! அந்த ஓவனை சனிக்கிழமை எறக்கிக் குடுத்துருப்பா. ஞாயித்துக்கிழமை சின்னவளுக்குப் புதுநன்மை. கேக் நானே போடறேன்."

வாயில் நுரையோடு "சரிக்கா" என்றேன்.

"பேக்கரியில சொல்லிடலாம்னுதான் பாத்தேன். விடமாட்டேங்கறா. 'பெரியவளுக்கு நீதானே போட்ட, எனக்கு மட்டும் கடைக் கேக்கா'ன்னு ஒரே சண்டை. ஸ்வல்ப பாத்து எறக்கு. கண்ணாடிக் கதவு."

"சரிக்கா, சரிக்கா."

புதுநன்மை என்பது கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். பெங்களூரில் எங்கள் காக்ஸ் டவுன் தெருவில் ஏப்ரல் பிறந்தால் ஏதாவது ஒரு வீட்டில் வெள்ளைக் கவுன் காய்ந்துகொண்டிருக்கும். பூசை முடிந்து வந்ததும் உறவுக்காரர்கள் சூழ ஒரு கேக் வெட்டுவார்கள். மூத்த மகளுக்கு அக்கா போட்ட மூன்றடுக்குக் கேக்கின் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஒன்பது வயதுச் சின்னவள் அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள்.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஓவன் மேடையின் ஓரத்தில் இருந்தது. அதன் தலைமேல் இரண்டு ஹெல்மெட்டும் வெங்காயக் கூடையும் இருந்தன.

அந்த ஓவன் மேலே வந்ததற்குக் காரணம் என் ரொட்டிப் பைத்தியம். போன மழைக்காலத்தில் மூன்று வாரம் மாவு புளிக்க வைத்துக்கொண்டும், தெரிந்தவர்களிடமெல்லாம் ஈஸ்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டும் திரிந்தேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா, "என்னோடது சும்மாதானே கெடக்குது, எடுத்துட்டுப் போய்ப் பழகு" என்று கொடுத்தார். மொத்தம் ஐந்து ரொட்டி சுட்டேன். அவற்றில் இரண்டு சாப்பிடும்படி இருந்தன. பிறகு சைக்கிள் மேல் ஆசை வந்தது, ரொட்டி நின்றுபோனது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆயுத பூஜை வந்தது. என் அலுவலகத்திலும் அறைத்தோழனின் அலுவலகத்திலும் லேப்டாப்புக்கெல்லாம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு பெரிய பொட்டலம் பொரி கொடுத்தார்கள். வீட்டிலும் பைக்கைக் கழுவி மாலை போட்டு, சந்தனம் வைத்தோம். நான்தான் உற்சாகம் தாங்காமல், "சமையல்கட்டு ஆயுதத்துக்கும் வைக்கணும்டா" என்று ஓவன் கதவில் மூன்று பட்டை இழுத்துப் பொட்டு வைத்தேன். பூஜை முடிந்ததும் பொரி, கடலை, வெல்லம், இரண்டு வாழைப்பழம் எல்லாவற்றையும் ஓவனுக்குள்ளேயே வைத்து மூடினேன். எறும்பு வராது, பொரியும் நமுத்துப் போகாது என்று கணக்கு. அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். மறுநாள் விடியும்போது நாங்கள் ஊருக்குப் போகும் பேருந்தில் இருந்தோம். நான்கு நாள் லீவு முடிந்து திரும்பியபோது அவன் எடுத்திருப்பான் என்று நானும், நான் எடுத்திருப்பேன் என்று அவனும் நினைத்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. இருவருமே எதையும் நினைக்கவில்லை.

ஹெல்மெட்டுகளை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு உள்பக்கத்திலிருந்து ஒரு கரப்பான் மீசையை ஆட்டியபடி என்னைப் பார்த்தது.

கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. வெல்லம் உருகித் தட்டில் தாராக ஒட்டியிருந்தது. வாழைப்பழம் இருந்த இடத்தில் கறுப்பாக இரண்டு வளைவுகள். பொரிப் பொட்டலம் சல்லடையாகியிருந்தது. எல்லாவற்றின் மேலும் மிளகுத்தூள் தூவியதுபோல எச்சம். வெளிச்சம் பட்டதும் ஒரு கூட்டம் பக்கவாட்டு இடுக்குகளுக்குள் ஓடி மறைந்தது.

"என்னாடா?" என்றபடி என் அறைத்தோழன் வந்து எட்டிப் பார்த்தான். கிருஷ்ணகிரிக்காரன். எதற்கும் அசரமாட்டான். "பூஜைக்கு ரெஸ்ட் குடுத்தோமே, அதுவா? ஆறு மாசமாவா ரெஸ்ட் எடுக்குது?"

"சனிக்கிழமை அக்காவுக்குக் குடுக்கணும்டா."

"குடு. பிரசாதத்தோட குடு."

"வெளையாடாத. அந்தப் பாப்பாவுக்குக் கேக் போடணுமாம்."

"வயர் எரிஞ்சுபோச்சுன்னு சொல்லு மச்சி. பேக்கரியில வாங்கிக்குவாங்க. முடிஞ்சுது கதை."

அவன் சொன்னது சுலபமான வழிதான். ஆனால் கீழே ஒரு குழந்தை சண்டை போட்டு ஜெயித்திருந்தாள். நான் வைத்த பொரியால் அவள் தோற்கக் கூடாது. ஓவனைச் சுத்தம் செய்து, வேலை செய்கிற நிலையில் சனிக்கிழமை இறக்கிக் கொடுப்பது என்று அந்த நாற்றத்துக்கு முன்னால் நின்றபடியே முடிவு செய்தேன்.

முடிவு செய்த வேகத்தில் முதல் தப்பையும் செய்தேன். குப்பையை வழித்துப் போட்டுவிட்டு, சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்று நம்பி ஓவனை முழுச் சூட்டில் போட்டேன். உள் அறைதான் சூடாகுமே தவிர, அதற்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு சீக்கிரம் சூடாகாது என்று எனக்குத் தோன்றவில்லை. கரப்பான்களுக்குத் தெரிந்திருந்தது. பின்பக்கத் துளைகள் வழியாக வரிசையாக வெளியேறி மேடை, சுவர், கேஸ் குழாய் என்று பரவின. அசராத கிருஷ்ணகிரிக்காரன் நாற்காலிமேல் ஏறி நின்று, கையிலிருந்த பூச்சி மருந்து டப்பாவை ஓவனை நோக்கி நீட்டினான்.

"கையை எடுடா! அதுக்குள்ள கேக் வேகப்போகுது!"

"என் கால்மேல ஏறுதுடா!"

"செருப்பால அடி! மருந்து மட்டும் அடிக்காத!"

துடைப்பமும் செருப்புமாகக் கால் மணி நேரம் போரிட்டோம். அந்த அமளியிலும் ஒன்றைக் கவனித்தேன். சூட்டைக் குறைத்து வைத்தும் ஓவனின் சிவப்பு விளக்கு அணையவில்லை. சொன்ன சூடு வந்ததும் தானாக நின்று, ஆறியதும் மறுபடி எரிய வேண்டிய விளக்கு அது. நிற்காமல் எரிந்துகொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். பூச்சியோடு போகாது, பழுதும் பார்க்க வேண்டும் என்று புரிந்தது.

அன்று வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்குகளில் காதை மட்டும் வைத்துவிட்டு, மின்சாதனங்களுக்குள் புகுந்த கரப்பானைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மருந்து வேண்டாமென்றால் வெயில்தான் வழி. கறுப்புப் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு முழுப் பகல் உச்சி வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பவை தாங்காது. வெள்ளிக்கிழமை காலை ஓவனை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு குப்பைப் பை அதற்குப் போதவில்லை. மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றுமாக மாட்டி, நடுவில் இணைகிற இடத்தை டேப்பால் ஒட்டினேன். பிறகு வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ ஏறினேன். அன்றைக்கு அலுவலகத்துக்குப் போயே தீர வேண்டும்.

மதியம் மூன்றரைக்கு ஏழாவது மாடி ஜன்னலில் வெளிச்சம் போனது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெங்களூர் ஏப்ரல் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. அரை மணி நேரம் வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டிவிட்டுப் போகும். அந்த டேப் தாங்காது. தண்ணீர் உள்ளே போனால் ஓவன் அத்தோடு முடிந்தது. அறைத்தோழன் நகரின் மறுகோடியில், எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் இருந்தான். அழைத்தால் எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் பிரயோசனமில்லை. வீட்டில் அதைத் தூக்கக்கூடியவர் ஒரே ஒருவர். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் டீச்சரான அக்கா மட்டும்.

"அக்கா, மாடியில கறுப்புக் கவர் சுத்தி ஒரு பெட்டி இருக்கும். மழை வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் உள்ள எடுத்து வைக்க முடியுமா?"

"இங்க தூறலே ஆரம்பிச்சிருச்சு. என்ன பெட்டிப்பா?"

புத்தகம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் தூக்கப்போவது அவருடைய பொருளை.

"உங்க ஓவன்க்கா."

"ஓவனுக்கு மாடியில என்னப்பா வேலை?"

"கரப்பான் பூச்சி புகுந்துடுச்சுக்கா. வெயில்ல வெச்சா செத்துரும்னு..."

போனில் இடி கேட்டது. பிறகு, "சேசுவே!" என்றார். இணைப்பு அறுந்தது.

மாலை நான் வீடு வந்தபோது ஓவன் எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே, பையைப் பிரிக்காமல், ஒரு பழைய ரெயின்கோட் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தது. நனையவில்லை. அக்கா தனியாளாகத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

"எத்தனை நாளா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

"ஆறு மாசமா தொறக்கலக்கா. ஆயுத பூஜைக்குப் பொரி வெச்சோம்."

"ஓவனுக்கா?"

"ஆமாக்கா."

"வெக்கத் தெரிஞ்சவனுக்கு எடுக்கத் தெரிய வேணாமா?"

கையோடு கொண்டுவந்த ரெயின்கோட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"பேக்கரியில சொல்லிட்டேன்ப்பா. இனிமே நம்பி இருக்க முடியாது. அவகிட்டதான் இன்னும் சொல்லல. சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருக்கேன்."

உள்ளே சின்னவள் யாரிடமோ தன் கேக்கில் எத்தனை பூ இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் சொல்லாதீங்கக்கா," என்றேன். "பேக்கரியில எப்போ வேலை ஆரம்பிப்பாங்க?"

"நாளைக்குப் பன்னெண்டுக்கு மேல."

"பதினொண்ணரைக்கு மாடிக்கு வாங்க. நீங்களே கையை விட்டுப் பாருங்க. மனசு ஒப்பலன்னா பேக்கரிக்கேக்கே இருக்கட்டும். நானே பாப்பாகிட்ட என்னாலதான்னு சொல்லிடறேன்."

தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். "ஆன்சர் பேப்பர் திருத்தற கண்ணு இது. மேலோட்டமா தொடச்சு வெச்சா தெரிஞ்சுரும்."

"தெரியட்டும்க்கா."

சனிக்கிழமை ஆறு மணிக்கு மாடியில் இருந்தேன். மழை கழுவிவிட்ட தரை. மறுபடி மேலே தூக்கி வந்த ஓவனின் பையைப் பிரித்து, அதைக் குப்புறப் போட்டு, பின்பக்கத் திருகுகளைக் கழற்றத் தொடங்கினேன். ஒவ்வொரு திருகையும் எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வைத்தேன். வெளித்தகட்டைத் தூக்குவதற்கு முன்னால் வயர்களைப் பல கோணங்களில் படமெடுத்தேன். என் அவசரத்தைப் பற்றி எனக்கே நன்றாகத் தெரியும் என்பதால் இவ்வளவும்.

தகட்டைத் தூக்கினேன். வெயில் வேலை செய்திருந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் அவை மல்லாந்து கிடந்தன, பெரிதும் சிறிதுமாக. மூலை மடிப்புகளில் வரிசையாக முட்டைக்கூடுகள், அவரை விதையைச் சுருக்கியதுபோலப் பழுப்பாக. டீயோடு வந்த அறைத்தோழன் இரண்டடி தள்ளி நின்றான்.

"நான் சொன்னேன் கேட்டியா? வயர் எரிஞ்சுச்சுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் தூங்கிட்டு இருப்போம்."

"பிரஷ்ஷை எடு."

"தொடமாட்டேன்."

"தொட வேணாம். எண்ணு."

எண்ணத் தொடங்கியவன் அறுபதைத் தாண்டியதும் தானாகவே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மூங்கில் குச்சியால் மடிப்புகளை நோண்டியபடி, "டேய், இந்த மூலையை நீ பாக்கவேயில்ல, என்ன கிளீன் பண்ற நீ?" என்று என்னையே திட்டினான். முட்டைக்கூடுகளை ஒன்றுவிடாமல் பெயர்த்துக் கொதிநீரில் போட்டோம். உள்சுவரில் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவிட்டுத் தேய்த்தேன். சூடாகும் கம்பிகளை மட்டும் சோப்பில்லாமல் ஈரத்துணியால் நான்கைந்து முறை துடைத்தேன்.

அடுத்தது அணையாத விளக்கு. சூட்டைக் கட்டுப்படுத்தும் குமிழுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. சூடேறினால் அது வளைந்து விலகும், மின்சாரம் நிற்கும். விலக வேண்டிய அந்தத் தகட்டின் அடியில் ஒரு முட்டைக்கூடு மாட்டி, கருகி, கெட்டியாகியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியால் பெயர்த்தேன். உப்புத்தாள் போட்டால் முனை தேய்ந்துவிடும் என்று படித்திருந்தேன். அதனால் அறைத்தோழனின் பழைய கம்பெனி விசிட்டிங் கார்டை இரண்டு முனைகளுக்கும் நடுவில் விட்டு மெதுவாக இழுத்தேன். கறுப்புக் கோடு விழுந்தது. இன்னொரு கார்டு. இன்னொன்று.

"அந்தக் கம்பெனியால இப்பதான் ஒரு பிரயோசனம்," என்றான்.

குமிழைத் திருப்பினேன். டிக் என்றது.

ஒரு வயரின் மேலுறை கொறிக்கப்பட்டிருந்தது. கடை திறக்கும் நேரத்துக்கு மார்க்கெட் பக்கம் ஓடி, சூடு தாங்கும் நார் உறை வாங்கி வந்து மாட்டினேன். எல்லாவற்றையும் பூட்டி, ஓவனின் உடம்பில் எங்கும் மின்சாரம் கசியவில்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பிளக்கைச் செருகினேன். முதல் முறை முடி கருகும் நாற்றம் வந்தது. ஆறவிட்டுத் துடைத்து மறுபடி போட்டோம். இரண்டாம் முறை லேசாக வந்தது. மூன்றாம் முறை வெறும் சுட்ட இரும்பு வாசனை. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. நாங்கள் இருவரும் கிரிக்கெட் பார்ப்பதுபோல் குந்தியிருந்து அதைப் பார்த்தோம். பிறகு நான்கு பிரெட் துண்டுகளைச் சுட்டு, ஆளுக்கு இரண்டு தின்றோம்.

பதினொன்றரைக்கு அக்கா வந்தார். கையில் வெள்ளைக் கைக்குட்டை. முழங்காலை மடித்து உட்கார்ந்து, உள்சுவர், கம்பிக்குப் பின்புறம், கூரை, அடித்தட்டு என்று ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியைப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கத் தொடங்கிய சமயத்தில் கைக்குட்டையின் முனையை முறுக்கிக் கதவுக் கீலின் இடுக்கில் விட்டுத் திருகினார்.

பழுப்பாக ஒன்று விழுந்தது.

"இது என்னப்பா?"

அறைத்தோழன் வானத்தைப் பார்த்தான். கீலை நான் கழற்றவேயில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து.

"கதவைக் கழட்டறேன்க்கா," என்றேன்.

"நேரம் இருக்கா?"

"இருக்கு."

அவர் போகவில்லை. போனைக் கையில் வைத்தபடி, கவிழ்த்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்து பார்த்தார். வியர்வையில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. இரண்டு கீல்களையும் பிரித்து, கொதிநீர் ஊற்றி, குச்சியை விட்டு, துடைத்து, காயவைத்தேன். "அந்தப் பக்கமும் பாரு... உள்ளாற... ஆங், அங்கதான்," என்று அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். இடது கீலில் இன்னொன்று இருந்தது. அதன் பிறகு இல்லை. கதவை மாட்டியபோது பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம்.

கைக்குட்டையின் சுத்தமான மூலையைத் தேடி எடுத்து மறுபடி துடைத்தார். பிறகு தலையைக் குனிந்து ஓவனுக்குள் முகர்ந்தார்.

"பிள்ளை வாயில வெக்கிறது. நீ இதுல சுட்டதைத் தின்னுவியா?"

"ரெண்டு துண்டு தின்னுட்டேன்க்கா."

"நானும்தான்க்கா. உசுரோடதான் இருக்கேன்," என்றான் அறைத்தோழன்.

அக்கா சிரிக்கவில்லை. பேக்கரிக்குப் போன் போட்டு, "அண்ணா, நாளெ கேக் பேட. மனேலே மாட்தீனி," என்றார். நாளைக்குக் கேக் வேண்டாம், வீட்டிலேயே செய்கிறேன் என்று கன்னடத்தில் அவர் சொன்ன அந்த ஒரு வரி போல இந்த ஊரில் எனக்கு இனித்த கன்னடம் வேறில்லை.

"ஆனா ஒண்ணு," என்று என் பக்கம் திரும்பினார். "கேக் வெந்து எறங்கற வரைக்கும் எங்க கிச்சன்லயே நிக்கணும். நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாரைத் தேடறது? அப்புறம், அவகிட்ட நீயே சொல்லு. நான் மறைக்கமாட்டேன்."

ஓவனைக் கீழே இறக்கி அவர்கள் மேடையில் வைத்தோம். மாவைக் கலக்கும் சத்தம் கேட்டு ஓடிவந்த சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்கள் விரியக் கேட்டாள்.

"எல்லாம் செத்துப்போச்சாண்ணா?"

"எல்லாம்."

"ஒண்ணுகூட இல்லியா?"

"கடைசி ஒண்ணை உங்கம்மாதான் கண்டுபுடிச்சாங்க."

அம்மாவைப் பார்த்தாள். "அம்மா பாத்துட்டாங்கன்னா சரி," என்று சொல்லிவிட்டு மாவுப் பாத்திரத்துக்குள் விரலை விட்டாள்.

ஐம்பது நிமிஷம் ஓவன் முன்னால் நின்றேன். போனை எடுக்கவில்லை. விளக்கு அணையும்போதெல்லாம் மறுபடி எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்ததும் அணைகிறதா என்று பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மாவு மெல்ல எழும்பி, நடுவில் ஒரு வெடிப்பு விட்டு, நிறம் மாறியது. அக்கா கதவைத் திறந்து ஒரு பல்குச்சியைக் குத்தி எடுத்தார். ஒட்டாமல் வந்தது.

"வலது பக்கம் கொஞ்சம் கறுத்திருக்கு," என்றார்.

"சாரிக்கா."

"எப்பவும் அப்படித்தான் கறுக்கும் இது. மேல கிரீம் போட்டா தெரியாது. அடுத்த தட்டை வெய்யி."

மூன்று அடுக்கும் முடிய மாலையாகிவிட்டது. கிளம்பும்போது பழக்கதோஷத்தில் ஓவனின் வயரைச் சுற்றப் போனேன். மேலே எடுத்துப் போவதற்காக. அக்கா என் கையிலிருந்து வயரை வாங்கிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்.

"அது இங்கயே இருக்கட்டும்ப்பா. ரொட்டி சுடணும்னா மாவை எடுத்துட்டுக் கீழ வா."